மணவாளன் தேடிய வாசகர்

மணவாளனிடம் யாராவது ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டால்கூடச் செயற்கை நுண்ணறிவில் தொடங்கித்தான் பதில் வரும். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் லாரிகளை எடை போடும் வேலை அவருக்கு, பத்தொன்பது வருஷமாக. லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

திருவள்ளூரில் பதிப்பகம் நடத்தும் பரசுராமன் அதைப் புத்தகமாகப் போடச் சம்மதித்தார். ‘இந்தப் புத்தகம் யாருக்கு?’ என்று பின்னட்டைக்கு ஒரு வரி மட்டும் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

“எல்லாருக்கும்னு போட்டுடுங்க சார்.”

“அப்டிப் போட்ட புக்கெல்லாம் அதோ, பரண் மேல கீது. உன்னுதையும் அங்கியே ஏத்திடவா?”

மணவாளன் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மூன்று வருஷ உழைப்பு!

வாசகரைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மாலை ரயிலில், தான் இறங்கும் மீஞ்சூர் வரும்வரை, கூட வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவார். யார் எந்த வரியில் தூங்கினாலும் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. தூங்காதவர் யாரோ அவரே வாசகர். கிரேன் ஓட்டும் அன்புசெல்வன் முதல் பக்கம் மூன்றாவது வரியிலேயே சாய்ந்தார். பின்னட்டைக்காக ‘உழைக்கும் மக்களுக்கு’ என்று எழுதியிருந்ததை மணவாளன் அடித்தார். புது இன்ஜினியர் ஹேமநாத் கடைசிவரை தூங்கவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘இளைஞர்களுக்கு’ என்பதும் போயிற்று.

எதிர் சீட்டில் சம்பூர்ணம் தினமும் பூண்டு உரித்துக்கொண்டு வருவார். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில், கோணலான மூடிகளைப் பொறுக்கித் தள்ளுவது அவர் வேலை. பொன்னேரியில் இறங்கி ஊருக்கு பஸ் பிடிப்பார். குனிந்த தலை நிமிராத அவரை மணவாளன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எழுத்தாளர் என்றால் கொஞ்சம் திமிர் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை, அன்புசெல்வனின் குறட்டையைக் கேட்டு நொந்துபோய் நோட்டை மூடினார்.

“ஏன் சார் நிறுத்திட்ட?” என்றார் சம்பூர்ணம்.

“நீங்க கேட்டுக்கினா இருந்தீங்க?”

“காது இன்னா பூண்டா உரிக்குது? கைதான உரிக்குது! எங்க லைன்ல கேமரா மாட்டிகிறாங்க. நல்ல மூடியையும் கெட்டதுன்னு தள்ளுது. நான் ஒழுங்கா பாக்கலைன்னு எம் மேல குத்தம் எழுதுறாங்க. அது ஏன் அப்டி பண்ணுது, நான் யாராண்ட போய்ச் சொல்றது? உன் புக்குல எந்தப் பக்கத்துல கீது?”

மணவாளன் புரட்டினார். உலக வரலாறு இருந்தது, மனித மூளையின் படம்கூட இருந்தது. சம்பூர்ணத்தின் கேள்விக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை. மணவாளனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வாயாலேயே சொன்னார். “எங்க எடை மேடை சரியா காட்டுதான்னு, எடை தெரிஞ்ச கல்லு வெச்சுப் பாப்போம்மா. அந்த கேமராவுக்கும் நல்ல மூடி இதுதான்னு யாரோ படம் காட்டிப் பழக்கியிருப்பாங்க. காட்டாத மூடி வந்தா அதுக்குக் கெட்டதுதான். அது தள்ளுன நல்ல மூடியெல்லாம் தேதி போட்டு எடுத்து வைங்க. சூப்பர்வைசர் மேசைல கொட்டி, பழக்கினவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க.”

சம்பூர்ணம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எடுத்த பூண்டு உரிபடாமல் கையிலேயே இருந்தது. ரயில் நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. அப்போதுதான் அவர் வெளியே பார்த்தார்.

“ஐயையோ, அனுப்பம்பட்டு! பொன்னேரி போச்சே! பஸ்ஸும் போயிருக்கும். உன்னால ஒரே பேஜாருய்யா!”

பூண்டையும் தோலையும் அள்ளிப் போட்டுப் பையை வாரிக்கொண்டு குதித்து இறங்கியவர், ஜன்னல் பக்கம் வந்து ஒரு விரலை நீட்டினார். “திங்கக்கெழமை மிச்சத்தைச் சொல்லணும், ஆமா!”

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தப் பெட்டி பார்த்திருக்காது. மணவாளன் பரசுராமனுக்கு போன் போட்டார்.

“சார், வரி கெடைச்சிடுச்சு. ‘தலைக்கு மேல கேமரா மாட்டப்பட்டவங்களுக்கு’.”

“நல்லாகீதே! அச்சுக்குக் குடுத்துடவா?”

“வரியை மட்டும் வெச்சுக்குங்க. புக்கு இனிமேதான் எழுதணும்.”

மறுமுனையில் பரசுராமன் கத்தியது தெளிவாகவே கேட்டது. மணவாளன் மீஞ்சூரில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புது நோட்டு வாங்கினார்.