பெரிய வீட்டில் ஆளில்லை

எங்கள் ஊரின் வெள்ளத் திட்டத்தை இப்போது சுகாதார நிலைய நர்ஸ் ரதோய்க்கா அக்கா சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்கிறேன். ஆனால் 'பேரிடர் அதிகாரி லுபோமிர்' என்று கதவில் தொங்குவது என் பெயர்தான். அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

பழைய திட்டம் முழுக்க என் மூளை. நாற்பது பக்கம், ஐந்து நிறத்தில் வரைபடம். தீயணைப்பு, போலீஸ், வேட்டைக்காரர் சங்கம் வரை கூட்டத்துக்கு அழைத்தேன். நர்ஸை அழைக்கவில்லை. ஊசி போடுகிறவருக்கு வெள்ளத்தில் என்ன வேலை என்று நினைத்த மடையன் நான்.

இருபத்தாறு வருடமாகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறவர் அக்கா. கூப்பிடாமலே வந்து வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, பிள்ளைங்க வியன்னாவுல சம்பாதிச்சுக் கட்டுன மாடிவீடெல்லாம் பூட்டித்தான கெடக்கு? பெருசுங்க பூரா கொல்லையில இருக்குற சமையக்கட்டுலதான் படுத்துக் கெடக்குதுங்க. அது ஒண்ணுகூட இதுல காணோமே."

பதிவேட்டில் உள்ள வீடுகளை மட்டுமே சேர்க்க முடியும் என்று விதி எண்ணோடு விளக்கினேன். இதில் கேவலம் என்னவென்றால், குளிர்காலம் முழுக்க நானும் என் மனைவியும் எங்கள் கொல்லைச் சமையலறையில்தான் குடியிருக்கிறோம். பெரிய வீட்டைச் சூடாக்க விறகு கட்டுப்படியாகாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மே மாதம் தெரிந்தது. மொராவா ஆறு கரையை உடைத்தது. என் பட்டியலோடு படகுகள் போயின. மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் டிக் விழுந்துவிட்டது. பள்ளிக்கூட முகாமில் நான் நெஞ்சை நிமிர்த்திக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து, ஜிவான் எங்கே என்று கேட்டார்.

ஜிவான் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாக எழுந்து நடக்காதவர். குரலும் தேய்ந்துவிட்டது. பட்டியலைப் புரட்டினேன். ஜிவான் வீடு: பூட்டு, ஆளில்லை. அடியில் என் கையெழுத்து.

"அவரு கட்டிலு முழங்கால் ஒசரந்தான்," என்றார் அக்கா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்காவோடு நானும் படகில் ஏறினேன். மாடிவீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனபோது சமையலறைக் கதவு பாதி முங்கியிருந்தது. உள்ளே ஜிவான், நல்ல கையால் எப்படியோ இழுத்து இழுத்துக் கட்டிலையொட்டிய மேசைமேல் ஏறிக் கிடந்தார். தண்ணீர் மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. படகில் சேர்த்ததும் அக்கா நாடி பார்த்து, உயிருக்குப் பயமில்லை என்று தலையசைத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஜிவான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். காதைக் கொண்டுபோனேன்.

"ரெண்டு தடவ படகுச் சத்தம் கேட்டுச்சு. பெரிய வீட்டப் பாத்துக் கூப்பிட்டுட்டு, ஆளில்லன்னு போயிட்டாங்க. அப்ப நான் யாருப்பா?"

விறைத்துப்போன அவர் கால்களை மடியில் வைத்துக் கரை வரை தேய்த்துக்கொண்டே வந்தேன்.