ஜன்னலோரம் வைத்த கம்ப்யூட்டர்

குளச்சலில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே தானாக அணையத் தொடங்கியது. புதிய பிராசஸர் ஒன்று சந்தைக்கு வந்திருந்த நேரம்; அதை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மைத்துனன் துபாயிலிருந்து போன் செய்தான்.

"மச்சான், ராத்திரி ஃபிளைட். பிராசஸர் வாங்கட்டா, வேண்டாமா?"

பாதி முடிந்த ஆல்பம், கேட்டுக்கொண்டே இருக்கும் பெண் வீட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'வாங்கு' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அது நம்ம மதர்போர்டுல பொருந்துமான்னு பாத்தியளா?" என்றாள் மனைவி.

பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறு மக்கா" என்று போனை வைத்துவிட்டு, மதர்போர்டின் பெயரைப் பார்க்க கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசஸர் மேலிருந்த விசிறியில் உப்பும் தூசியும் களிம்பாய் அப்பி, அது சுற்றவே முடியாமல் கிடந்தது. சூடாகாமல் இருக்கட்டும் என்று கடற்காற்று வரும் ஜன்னலோரம் வைத்ததே நான்தான்!

விசிறியைச் சுத்தம் செய்து மாட்டினேன். சாயங்காலம் வரை ஒருமுறைகூட அணையவில்லை. விசாரித்ததில், புதிய பிராசஸர் என் மதர்போர்டில் பொருந்தவே பொருந்தாதாம்.

"வேண்டாம்டே" என்று போனில் சொன்னேன்.

"அப்போ பெட்டில அந்த எடத்துல ஈச்சம்பழம் வைக்கேன்" என்று சிரித்தான் மைத்துனன்.

இப்போது கம்ப்யூட்டர் உள்ளறையில் இருக்கிறது. புதிய பிராசஸர் வந்ததென்று கேள்விப்பட்டால் இன்றும் கை பரபரக்கத்தான் செய்கிறது. அந்தக் கையில் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்கிறேன்.