தபசு மரமும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

பனைமரத்து உச்சியில் நின்று ஊருக்கே பிள்ளை வரம் கொடுக்கிற வேலை எனக்கு. மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில், உலைக்குப் பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆள். பங்குனி பிறந்தால் சாமி. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்கிறான் என்று கேட்காதீர்கள். எனக்கே பிடிபடவில்லை.

எங்கள் கூத்து ஜமாவில் ஒன்பது பேர். அம்மன் கோயில் திருவிழாக்களில் பத்து நாள் கதை நடத்துவோம். பாட்டு, ஆட்டம், மத்தளம், ஆர்மோனியம் எல்லாம் நாங்களேதான். அதில் தபசு மட்டும் பட்டப்பகலில் நடக்கும். ஐந்து சகோதரர்களில் நடுவானவன் சிவனிடம் வரம் கேட்டுத் தவமிருக்கும் கட்டம். கோயில் வெளியில் ஒரு நெட்டைப் பனையை நட்டு, படி அடித்து, உச்சியில் பலகை கட்டியிருப்பார்கள். படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே நான் ஏறுவேன். கீழே பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து மடியேந்தி வேண்டுதலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் "தந்தேன் தாயே" என்று மைக்கில் சொல்லி எலுமிச்சம்பழம் போட வேண்டும். இல்லை என்று சொல்ல தபசில் நிற்பவனுக்கு உரிமை கிடையாது. ஒருமுறை ஒருத்தி, மாமியார் நாத்தனார் வீட்டோடு போய்விட வேண்டும் என்று கேட்டாள். அதற்கும் தந்தேன் என்றேன். வேறென்ன செய்ய?

ஜமா எப்படி ஓடுகிறது என்று கம்பெனியில் கேட்பார்கள். ஷிஃப்ட் மாற்றித்தான் ஓடுகிறது. ஒன்பது பேரும் நான்கைந்து கம்பெனிகளில் இருக்கிறோம். எங்கள் வாத்தியார் ஆர்மோனியம் வாசிப்பவர், பகலில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஆட்டம் பேச எந்த ஊர்க்காரர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாலும், எங்கள் எல்லோருடைய ஷிஃப்ட் அட்டவணையும் கைக்கு வராமல் தட்டைத் தொடமாட்டார். எங்களுக்காக ஷிஃப்ட் மாறி நிற்பவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். அவர்கள் வீட்டில் சாவு என்றால் கருமாதிக்கு ஒரு கூத்து சும்மாவே ஆடித்தருவோம். எனக்காக அடிக்கடி நிற்பவர் ஒரு ஒடிசாக்கார வெல்டர். கூத்தில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது. ஆனால் அவர் மனைவி ஒரு வருடம் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள், அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. அதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றுகிறார். கேன்டீன் வரிசையிலும்!

இப்படித்தான் கைராசிக்காரன் என்று பேர் வந்தது. கம்பெனி கேட்டில் கைக்குழந்தையோடு யாராவது நின்றால் செக்யூரிட்டி என்னைத்தான் கூப்பிடுவார். வந்தவர்கள் குழந்தையை என் காலடியில் போட்டு எடுப்பார்கள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் குழந்தைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பழம் நான் போட்டேன், அவ்வளவுதானே? ஆனால் ஊர் ஊராக வெற்றிலை வந்தது அதற்காகத்தான். "தபசு ஏர்ற அந்த ஆளு வந்தா ஆட்டம் வைக்கலாம், இல்லாங்காட்டி வேணாம்" என்று வாத்தியார் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை.

என் மனைவி கையுறை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். தபசு ஏறுபவனின் வீட்டுப் பெண்கள் மரத்தடியில் உட்காரக் கூடாது என்பது எங்கள் ஜமாவில் முறை. தவத்தில் இருப்பவனுக்கு வீடு வாசல் இல்லையாம். "ஊருக்கெல்லாம் நீ குடுக்குற, எனக்கு யாரு குடுக்குறது?" என்று அவள் முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். அவளை மட்டும் டாக்டரிடம் அனுப்பினேன். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லை, புருஷனைக் கூட்டிவா என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு வருடம் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் ஷிஃப்ட் என்பேன், ஒத்திகை என்பேன். பயம்தான். வெளியே தெரிந்தால் எந்த ஊர் வெற்றிலை வைக்கும்? வாத்தியாரிடம் ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். "நைனா, இத்த வெளிய சொன்னன்னு வையி, ஜமா காலி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

போன வருடம் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு ஊரில் தபசு. விரதத்துக்காகப் பத்து நாளாக நான் வீட்டுக்குப் போகவில்லை. செவ்வாப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போவதாக மனைவி போனில் சொன்னாள். சரி என்றேன். பழம் போட ஆரம்பித்து ஏழெட்டுப் பேர் முடிந்திருப்பார்கள். அடுத்து எழுந்தவள் தலையிலிருந்த ஈர முந்தானையை விலக்கி அண்ணாந்து பார்த்தாள். என் மனைவி.

பலகை ஆடுகிறதா நான் ஆடுகிறேனா என்று தெரியவில்லை. இறங்கிவிடலாமா? திட்டலாமா? வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு பழத்தைப் போட்டுவிடலாமா? மத்தளக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார் வாசித்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். அந்த ஊரில் அவளை யாருக்கும் தெரியாது, எங்கள் ஒன்பது பேரைத் தவிர.

"பழம் வேணாம் சாமி" என்று அவள் கத்தினாள். "என் ஊட்டுக்காரரு என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுக்கணும். அது போதும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு கிழவி மட்டும் சிரிக்கவில்லை. "எவன்டீ அவன் பேமானி? பொண்ண இப்டி தனியா அலையவுட்டுட்டு எங்க போய்க் குந்திக்கினு கீறான்?" என்றாள். அவன் பனைமரத்து மேல் குந்திக்கொண்டிருந்தான். நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். "இன்னா சாமி, சும்மா கீற? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதையா கீதே!" என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"தந்தேன் தாயே" என்றேன். கட்டிய மனைவியைத் தாயே என்று கூப்பிட்டதை நான்கு ஒலிபெருக்கியும் ஊருக்குச் சொல்லின.

அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அடுத்த வாரம் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பஸ்ஸில் அவளை விட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். டெஸ்ட் எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். குறை என்னிடம்தான். அணுக்கள் ரொம்பக் கம்மி, உலைச் சூடு கூடக் காரணமாக இருக்கலாம், மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"நான் மண்சோறு சாப்ட்டேன்யா" என்றாள். "மூணு கோயில்ல, தரையில சோத்தப் போட்டு, கைய பின்னால கட்டிக்கினு சாப்ட்டேன். உங்க அக்கா என்ன மலடின்னு சொல்லச்சொல்ல நீ பாத்துக்கினு இருந்த."

உண்மைதான். வெட்கமாக இருந்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் புத்தி வேறு எங்கோ ஓடியது. அப்படியானால் அந்த வெல்டரின் மகள்? கேட்டில் என் காலடியில் போட்ட குழந்தைகள்? என்னிடம் இல்லாததை நான் எப்படிக் கொடுத்தேன்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த வருடம் அதே ஊரிலிருந்து வெற்றிலை வந்தது. போன முறை பழம் வாங்கியவர்களில் மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்களாம். அதே ஆள்தான் ஏற வேண்டுமாம். எனக்கு வேண்டாம் என்றேன். வாத்தியார் அடம்பிடித்தார். ஒன்பது குடும்பம் என்றார். மனைவியிடம் கேட்டேன். "ஏறு, இல்ல ஏறாத. என்ன கேக்காத" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மாத்திரையை மட்டும் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

ஏறினேன். முதலில் எழுந்தவள் ஒல்லியாக, முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தாள். "புள்ள வரம் வேணும் சாமி" என்று மடியேந்தினாள்.

"தந்தேன் தாயே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஊட்டுக்காரரயும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்க் காட்டும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கூப்ட்டா வர மாட்டேங்கிறாரு சாமி" என்றாள் அவள். "குறை உனக்குத்தான்னு சொல்றாரு."

வாத்தியார் பேஜாராகி ஆர்மோனியத்தை அழுத்தினார், என் குரல் அமுங்கட்டும் என்று.

"நானும் அப்டித்தாம்மா சொல்லிக்கினு இருந்தேன்" என்றேன். "போய்ப் பாத்தா, குறை எனக்கு."

ஆர்மோனியம் நின்றது. ஆண்கள் நின்றிருந்த பக்கம் இருமல்கூட இல்லை. போச்சு, ஒன்பது பேர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டேன் என்று பலகைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குக் கையைக் கண் மேல் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறி, முன்னைவிட அகலமாக மடியை விரித்தாள்.

"போடு சாமி" என்றாள்.