ஆடினால் மட்டும் வரும் நடுக்கம்

சீ என்ற ஆற்றின் கரையில் மெக்கானிக் புவாலையின் தகரக் கொட்டகைக்கு எந்த வண்டி வந்தாலும் அவள் எடுத்ததும் ஸ்பானரைத் தொடமாட்டாள். ஓட்டிவந்தவனை உட்காரவைத்து, கேள்வியாகக் கேட்டுக் குடைந்து எடுத்துவிடுவாள். எப்போது சத்தம் வந்தது, மேட்டிலா பள்ளத்திலா, வண்டியில் மாமியார் இருந்தாளா? வண்டியின் பாதி நோய் ஓனர் வாயிலிருந்தே வந்துவிடும் என்பது அவள் கட்சி. ஊரே அவளை வாயாடி என்றது. என்றுவிட்டு, வண்டியை அவளிடமே கொண்டுவந்தது.

அவள் புருஷன் கம்சிங் ராக்கெட் கட்டுகிறவன். மழைக்காலத்துக்கு முன்னால், மழை கேட்டு வானத்துச் சாமிக்கு ஊருக்கொரு ராக்கெட் விடுவார்களே, அதில் இவர்கள் ஊர் ராக்கெட் அவன் கை வேலை. கரி இடித்து, வெடியுப்பு கலந்து, குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டே இருப்பான். ஆனால் போன இரண்டு வருஷமும் அவன் ராக்கெட் மேடையிலேயே வெடித்துச் சிதறியது. ராக்கெட் ஏறாவிட்டால் கட்டினவனைத் தூக்கிச் சேற்றில் போடுவது வழக்கம். முதல் வருஷம் சேற்றிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்தான். மறு வருஷம் சிரிக்கவில்லை.

“இந்த வருஷத்தோட சரி. என் கைக்கு ராசி போயிடுச்சு,” என்று சொல்லிவிட்டான். இந்த முறை பாட்டில்லாமல் கரி இடித்தான். அந்த மௌனத்தைத்தான் புவாலையால் தாங்க முடியவில்லை. வாயாடிக்கு வாய்த்த தண்டனை!

விழா நெருங்கிய ஒரு காலையில் புன்ஹோம் தன் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். வருஷா வருஷம் ராக்கெட்டைச் சுமப்பது அந்த வண்டிதான். கொட்டகைக்குள் நுழையும்போதே கீழே குருவிக்கூட்டம் கத்துவதுபோல் கீச் கீச் என்றது.

“வண்டியக் காக்குற அம்மனுக்குக் கோபம் போல. மாலை போட்டேன், செவப்பு சோடா ஒடச்சு வெச்சேன். கேக்க மாட்டேங்குறா,” என்றான்.

“அம்மனுக்கு சோடா வெச்சே. அடியில ஷாப்டு ஜாயிண்டுக்கு கிரீஸ் வெச்சியா அண்ணே?”

புன்ஹோம் கூரையைப் பார்த்தான்.

“ஊரே தண்ணி ஊத்தி வெளையாடுற தண்ணி விழா அன்னிக்கு பீப்பாய் பீப்பாயா ஏத்திக்கிட்டு, தண்ணிக்குள்ளயே நாள் பூரா ஓட்டினியே, அப்புறமாச்சும் வெச்சியா?”

“அது நல்ல தண்ணிதானேம்மா, ஆசீர்வாதம் பண்ணினது!”

அவளே ஓட்டிப் பார்த்தாள். ரிவர்ஸிலிருந்து முன்னுக்குப் போட்டால் அடியில் ‘டொக்’. மெதுவாகப் போனால் கீச். வேகம் எடுத்தால் ஒன்றுமில்லை.

“இப்ப ஒண்ணும் தெரியாது. திருவிழா அன்னிக்கு மட்டும் ஒரு நடுக்கம் வரும் பாரு!” என்றான் புன்ஹோம், குரலைத் தாழ்த்தி. “ராக்கெட் ஏத்தினதும் வானத்துச் சாமி வண்டிமேல எறங்குது. நாங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவோம்.”

“எத்தன வருஷமா எறங்குது?”

“ரெண்டு வருஷமா.”

புவாலை பிரேக்கை மிதித்தாள். கெட்டித்த மருந்து குலுங்கி விரிசல் விட்டால், தீ எல்லாப் பக்கமும் ஒரேயடியாய்ப் பாய்ந்து குழாயைப் பிளந்துவிடும். இது அவள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. கரி சரியா, உப்பு சரியா என்று அவள் மனுஷன் தூக்கமில்லாமல் கிடந்தானே, பாவி மனுஷன்!

திருவிழாவில் ராக்கெட் தனியாகவா போகும்? பின்தொட்டி நிறையப் பெண்கள் ஏறிக் குதித்து ஆடிக்கொண்டுதானே போவார்கள்! அதே பாரத்தை ஏற்றிப் பார்க்க, புவாலை தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தாள். கேட்பானேன்? சோற்றுக் கூடையைப் போட்டது போட்டபடி, ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறிவிட்டார்கள். புன்ஹோமை ஓட்டச் சொல்லிவிட்டு, புவாலை தொட்டியின் தரையில் காதை வைத்துப் படுத்தாள்.

“ஆடுங்கடி! ஏய், பாத்து மிதி, அது என் காது!”

பாரத்தில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. அடியில் ஓடும் ஷாப்ட் மடங்கும் கோணம் மாறியது. வேகம் ஏறியதும் தகரம் தடதடவென்று நடுங்கத் தொடங்கியது. மேலே பெண்கள் ஆட்டத்தை நிறுத்திக் கைகூப்பினார்கள்.

“கும்பிடாதீங்கடி! சாமியில்ல, பின் ஜாயிண்டு! இதுதான் ரெண்டு வருஷமா ராக்கெட்டக் குலுக்கி ஒடச்சிருக்கு!”

அடியில் நுழைந்து பார்த்தால், ஜாயிண்டின் மூடிபோன்ற கப்பைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவினாற்போல் செந்துரு. கழற்றியதுபோலவே திரும்ப மாட்டவேண்டுமே என்று இரு பக்கமும் நகப்பூச்சால் கோடு இழுத்துவிட்டு ஷாப்டை இறக்கினாள். கையில் வைத்து மடக்கினால் ஒரு பக்கம் மடங்கியது, மறு பக்கம் முரண்டு பிடித்தது. கப்பைத் தட்டி எடுத்ததும் உள்ளே ஊசிபோன்ற உருளைகள் இருந்த இடத்தில் துருப்பொடி கொட்டியது. நடுவில் சிலுவைபோல் இருக்கும் கிராஸின் கையில் ஊசி பதிந்த பள்ளம் விரலுக்கே தெரிந்தது.

புது ஜாயிண்டை மேசை இடுக்கியான வைஸில் வைத்து அழுத்தும்போது கடைசி லாக் உட்காரவில்லை. சுத்தியலால் ஒன்று போடச் சொன்னான் புன்ஹோம்.

“ஓம் பல்லு ஒண்ணு குறுக்க சிக்கிக்கிட்டா சுத்தியாலயா போடுவே?” கப்பை மறுபடி எடுத்தாள். உள்ளே ஓர் ஊசி சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, கிரீஸில் ஒட்டி, திரும்ப அழுத்தினாள். லாக் தானாகப் போய் உட்கார்ந்தது.

மறுபடி எல்லோரும் ஏறி ஆடினார்கள். வண்டி அலுங்காமல் போனது. “சாமி வரலையேக்கா!” என்று ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள்.

இரவுச் சோற்றின்போது கம்சிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுட்ட கோழியைப் பிய்த்துக்கொண்டே, “எம் மனசு ஆறட்டும்னு சொல்றே,” என்றான். அவள் இன்னொரு துண்டை அவன் பக்கம் தள்ளினாள்.

விழா அன்று ராக்கெட்டைப் பஞ்சு மெத்தையில் வைத்ததுபோல் கொண்டுபோய் இறக்கினார்கள். கம்சிங் மேடையேறித் திரியைப் பற்றவைத்துவிட்டு இறங்கி ஓடினான். புவாலை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். புகை கக்கியது. உறுமியது. பிறகு, அடேயப்பா, கிளம்பியது பாருங்கள்! வாலாகக் கட்டிய மூங்கில் நடுங்காமல் நேராக ஏறி, மேகத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், கண்ணுக்கே மறைந்துவிட்டது. ஊர் கத்திய கத்தலில் ஒலிபெருக்கி கேட்கவில்லை. கம்சிங் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான்.

அப்போது புன்ஹோம் சட்டையைக் கழற்றி எறிந்தான்.

“டேய், ரெண்டு வருஷமா ஆள் மாத்திச் சேத்துல போட்டுட்டீங்கடா! குலுக்கி ஒடச்சவன் நான்!” என்று கத்திக்கொண்டே சேற்றுக்குள் பாய்ந்தான். யாரும் அவனைத் தூக்கவேண்டியிருக்கவில்லை.

கம்சிங் அவனையே பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெயித்தவனுக்குச் சேற்றில் என்ன வேலை? ஆனாலும் ஓடிப்போய் அவன்மேல் தொப்பென்று விழுந்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு எழுந்தபோது, பல்லை வைத்துத்தான் யார் எவன் என்று சொல்லமுடிந்தது.

“புவாலை! அடுத்த வருஷம் இதவிடப் பெருசு!” என்று சேற்றிலிருந்து கத்தினான் கம்சிங்.

“மொதல்ல வெளிய வாய்யா,” என்றாள் அவள்.