அருள்நாயகி வீட்டுப் பச்சோந்தி

வேலைக்குப் போகும் நீலச் சட்டையோடு, ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தலுமாகக் கம்பிவலைக் கூட்டின் முன் நிற்கிறார் அருள்நாயகி. உள்ளே இருக்கும் செடியின் இலைகளில் தண்ணீரைத் தூறலாகத் தெளிக்கிறார். கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பச்சோந்தி குடிக்காது; இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அது குடித்த பிறகுதான் அவர் தேநீரில் வாய் வைப்பார்.

"குடிச்சிட்டியோ பிள்ளை? அப்ப நான் வேலைக்குப் போட்டு வாறன்."

லண்டன் எட்மண்டனில் அவர் வீட்டுக்கு இது வந்தது மகள் நிர்மலாவால். ஆசைப்பட்டு வாங்கியவள், கல்யாணமாகி இல்ஃபோர்டுக்குப் போனபோது, மாப்பிள்ளைக்கு அருவருப்பு என்று தாயிடம் விட்டுவிட்டாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் கணவர் அம்பலவாணன். அருள்நாயகி அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் மச்சம் மாமிசம் வாயில் வைக்காதவர். பச்சோந்திக்கோ உயிருள்ள வெட்டுக்கிளிதான் வேண்டும். கடையில் டப்பாவில் விற்பதை வாங்கி, சுண்ணாம்புச்சத்துப் பவுடர் தூவிக் கூட்டுக்குள் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாக்கு பாய்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் பார்ப்பார். வியாழன் பின்னேரம் இரண்டு கூடுதலாகப் போடுவார்.

"வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில சைவம். பிள்ளைக்கும் பழகிப்போச்சு."

தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில் பிள்ளை சாப்பாட்டை நிறுத்தியது. உடல் கறுத்து, மஞ்சள் புள்ளிகள் எழுந்தன. ஒருநாளும் செடிக் கொப்பை விட்டு இறங்காதது, கூட்டின் அடியில் நாள் முழுக்கப் பிறாண்டியது. அருள்நாயகி அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, மடியில் பொத்தியபடி பஸ்ஸில் மிருக வைத்தியரிடம் போனார். வயிறு முழுக்க முட்டை என்றார் வைத்தியர். ஆண் சேராமலே இடும் முட்டை, குஞ்சு பொரிக்காது. ஆனால் ஈரமணலில் குழி தோண்டித்தான் இடும். இடாமல் போனால் செத்துவிடும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தோண்டாது.

அம்பலவாணன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாளி மணல் வாங்கி வந்தார். குஞ்சு வராத முட்டைக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டார்.

"அது அதுக்குத் தெரியாதெல்லோ," என்றார் அருள்நாயகி. "நோவு ஒண்டுதானே."

மறுநாள் தான் வேலை பார்க்கும் சான்ட்விச் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, வீட்டில் பிரசவம், ஷிப்டுக்கு வர முடியாது என்றார். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. வாளியைக் கூட்டுக்குள் வைத்து, பழைய சேலையால் சுற்றி மூடினார். ரீவியை நிறுத்தினார். அறைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். காலையில் சத்தமில்லை. மத்தியானமும் இல்லை. அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் சர், சர் என்று மணல் சரிந்தது. வேலை முடிந்து வந்த கணவரைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார். அவர் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஓசை அடங்கி வெகுநேரம் கழித்தே சேலையை விலக்கினார். வயிறு ஒட்டிப்போன பச்சோந்தி முட்டைகளை இட்டு, முன்காலால் மணலைத் தள்ளிக் குழியைப் பாதிவரை மூடியிருந்தது. அதற்கு மேல் முடியவில்லை. கண் சொருகிக் கிடந்தது. மெல்லத் தூக்கிக் கொப்பில் ஏற்றினார், பற்றிக்கொண்டது. தண்ணீர் காட்டினார், நக்கியது.

"தப்பீட்டாள்," என்றார்.

அம்பலவாணன் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். முட்டைகளைக் குப்பையில் போடும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அருள்நாயகி பையை வாங்கவில்லை. வாளிக்குள் கையை விட்டு, மீதி மணலைக் குழிக்குள் தள்ளி நிரப்பி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிவிட்டார்.