காத்தமுத்துவின் கண் சொன்ன பதில்

காரைக்கால்மேட்டில் காத்தமுத்துவின் வாய்க்குப் பயப்படாதவை இரண்டு. ஒன்று கடல், இன்னொன்று அவர் மனைவி தையல்நாயகி. படகில் அவர் போடும் அதட்டல் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கரைவரை கேட்கும் என்பார்கள். அந்த வாயைப் பக்கவாதம் கட்டிப்போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கை கால் அசையாது. கண் மட்டும் அசையும். காது நன்றாகக் கேட்கும். அதுதான் பெரிய தண்டனை, மச்சினன் கலைவாணன் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

மச்சானின் கண்ணுக்கு அர்த்தம் சொல்லும் வேலையைக் கலைவாணன் தானாகவே எடுத்துக்கொண்டான். கண்ணில் தூசி விழுந்து அவர் இமைத்தால்கூட, "மச்சான் பஜ்ஜி கேக்குறாரு" என்று கடைக்கு ஓடுவான். வாங்கிவந்த நாலையும் அவனே தின்பான். அதைக்கூட காத்தமுத்து பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவருடைய படகைக் காட்டி, "போட்ட வித்துடச் சொல்றாருக்கா, கண்ணாலயே சொல்லிட்டாரு" என்றானே, அன்றைக்குத்தான் மனசுக்குள் எழுந்து உட்கார்ந்தார்.

பிசியோதெரபி பார்க்கப் பூவத்திலிருந்து வரும் தீபாவிடம் தையல்நாயகி இதைச் சொன்னாள். தீபா ஒரு லேப்டாப் கொண்டுவந்தாள். கண் எங்கே பார்க்கிறது என்று அதன் கேமரா கண்டுபிடிக்குமாம். அதற்கு முன்னால், கறுப்புத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒன்பது வெள்ளைப் புள்ளிகளை அவர் பார்த்து அதைப் பழக்க வேண்டும். புள்ளி நன்றாகத் தெரிய ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினார்கள். ஒன்பதையும் பார்த்தார்.

"போட்ட விக்கலாமாண்ணே?" என்று தீபா கேட்டாள். திரையில் இடது பக்கம் 'வேண்டாம்', வலது பக்கம் 'விற்கலாம்'. காத்தமுத்து இடது பக்கம் முறைத்தார். "விற்கலாம்" என்றது மெஷின்.

"பாத்தியாக்கா! நான் சொன்னா நம்பல, மெஷினு சொன்னா நம்புவியா?" கலைவாணன் அப்போதே, படகை விலைக்குக் கேட்டிருந்த பட்டினச்சேரிக்காரருக்கு போன் போட்டான். காத்தமுத்து உள்ளுக்குள் விட்ட வசவை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தையே கிழிக்க வேண்டிவரும்.

பட்டினச்சேரிக்காரர் வெள்ளிக்கிழமை காலை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தீபாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மறுபடியும் மெஷினை வைத்து, திரையில் 'வீடு' என்று எழுதியிருப்பதைப் பார்க்கச் சொன்னாள். கண் பார்க்கும் இடத்தைக் காட்டும் குறி அதற்கு வலதுபுறம் போய் நின்றது. எதைப் பார்க்கச் சொன்னாலும் வலதுபுறமே போனது. புள்ளி பார்த்த அன்று ஜன்னலைச் சாத்தியது தீபாவுக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணி, இருட்டுல வெளிச்சத்த அண்ணன் எப்படிப் பாப்பாரு?"

"நேரா பாக்க மாட்டாரு. தூரத்து வெளக்க நேரா பாத்தா மறஞ்சிரும், ஒரு சாண் எடப்பக்கம் தள்ளிப் பாருங்கடான்னு பயலுவள அடிக்காத கொறயா கத்துவாரு."

தீபா தலையில் கைவைத்தாள். இருட்டில் வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் கடல் புத்தி வந்துவிட்டது. ஒன்பது புள்ளியையும் இடது பக்கம் தள்ளியே பார்த்திருக்கிறார். மெஷினும் அதையே சரியென்று படித்துக்கொண்டது.

"இதுல வேற ஒரு வழி இருக்கு. புள்ளியே வேணாம். ஒரு தடவ நடுவுல பாத்தா போதும், மிச்சத்த அதுவே கத்துக்கும்." ஜன்னலைத் திறந்துவிட்டுத் தையல்நாயகியின் போட்டோவைத் திரையின் நடுவில் வைத்தாள். காத்தமுத்து நேராகப் பார்த்தார்.

"முப்பது வருசத்துல இப்பதான் என்னய நேரா பாக்குது இந்த மனுசன்" என்றாள் தையல்நாயகி.

அதே கேள்வியைக் கேட்டாள் தீபா. "வேண்டாம்" என்றது மெஷின்.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றான் கலைவாணன். "பக்கத்த மாத்தி வைங்க."

மாற்றினாள். "வேண்டாம்."

"இன்னொரு தடவ."

"வேண்டாம்."

நாலாவது தடவை கேட்கும் முன் காத்தமுத்துவின் கண் திரையின் அடியில் இருந்த எழுத்துப் பலகைக்குத் தாவியது. ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஏறியது: இன்னும் எத்தன தடவடா கேப்ப?

பட்டினச்சேரிக்காரர் எழுந்து வேட்டியை இறுக்கினார். "மனுசன் இவ்ளோ தெளிவா இருக்காரு. இவரு போட்ட நான் வாங்குனா கடல்ல எனக்கு மரியாத இருக்குமா?" என்றுவிட்டுக் கிளம்பினார்.

கலைவாணனுக்கு முகம் கறுத்தது. "விக்க வேணாமுன்னா யாரு ஓட்டுறதாம்? சும்மா கெடந்து மக்கவா?"

கண் மறுபடியும் எழுத்துகளுக்குப் போனது. எல்லோரும் கூடவே எழுத்துக் கூட்டினார்கள். க. லை. வா.

தையல்நாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தலசுத்தும்கா, கடலு ஒத்துக்காது!" என்று அலறினான் கலைவாணன்.

காத்தமுத்து நிறுத்தவில்லை. பெயரை முழுசாக எழுதி முடித்து, அடுத்த வரியில் எழுதினார்: நாளைக்கு விடியக்கால நாலு மணிக்கு. நான் கரையில இருப்பேன்.