அக்காவின் வாலட்டிலிருந்து கிளம்பிய பணம்

பிறர் தொலைத்த பணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கிரிப்டோ பணம் எந்த வாலட்டிலிருந்து, அதாவது இணையப் பணப்பையிலிருந்து, எந்த வாலட்டுக்குப் போனது என்று நாள் முழுக்கத் திரையில் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். மோசடிப் பணமா, போதைப்பொருள் பணமா, சூதாட்டப் பணமா என்று எங்களை நம்பியிருக்கும் வங்கிகளுக்குச் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் பெரிய துப்பறிவாளன் என்ற நினைப்பு இருந்தது. இப்போது கண் எரிச்சல்தான் மிச்சம். பணம் போன வழி அநேகமாகத் தெரிந்துவிடும். பணம் திரும்பி வருவது அபூர்வம்.

அக்கா அழைத்தபோது அப்படியொரு வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நாங்கள் பிறந்த அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறாள். போனில் பணம் போட்டு வைத்த ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். லயத்து ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்களாம். யாரோ புகார் கொடுத்து, திங்கட்கிழமை போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஈப்போ வழியாக பஸ் ஏறினேன். கம்போங் ராஜாவைத் தாண்டும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. ஊருக்குப் போகிறவனுக்கு இருக்கவேண்டிய சந்தோஷம் துளிகூட இல்லை. வேலையே பின்னால் பஸ் ஏறி வந்ததுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் லயத்தில் சனிக்கிழமை டவுனுக்கு எல்லாரும் போவதில்லை. ஒருவர் போனால் போதும். மருந்து, கரண்டு பில், போன் ரீலோட், பிள்ளைகளின் பள்ளிக் காலணி எல்லாம் அந்த ஒருவர் கையில். காசைச் சுருட்டிக் கொடுப்பார்கள். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு. பல வருடங்களாக அந்த ஒருவர் அக்காதான். ஆகவே தினமும் லாபம் தரும் ஆப் ஒன்று அக்காவின் போனில் வந்து இறங்கியபோது, தனித்தனியாகக் கணக்குத் திறக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மருந்துக்குக் கொடுத்ததுபோலவே அவளிடம் காசைக் கொடுத்தார்கள். அக்கா அதைத் தன் வங்கியில் போட்டு, கிரிப்டோ வாங்கி, ஆப் காட்டிய முகவரிக்கு அனுப்பிவைத்தாள். பாதி லயத்தின் சேமிப்பு ஒரே வாலட் வழியாகப் போனது.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டது, நிறுவனத்தின் பெயரில் எதையும் எழுதாதே என்றார்கள். நியாயம்தான். நல்ல வேளையாக, கிரிப்டோ பரிமாற்றங்களின் பதிவு எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் மட்டும் இருக்காது. அக்காவின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் லைன் கிடைத்தது. அங்கே மடிக்கணினியை விரித்தேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டுபவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெயரில்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். கூடையில் தோட்டக்காரர் பெயின்டால் அடையாளம் போடுவதைச் சொன்னேன். லாரி மாறினாலும் கூடையின் அடையாளம் மாறாது, அதுபோல ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு என்றேன். மாமா புரிந்ததுபோல் தலையாட்டினார்.

அக்காவிடமிருந்து கிளம்பிய பணம் ஒரு முகவரிக்குப் போனது. அதே முகவரிக்கு எங்கெங்கிருந்தோ, அக்காவைப்போல ஏமாந்தவர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள். அங்கே சேர்ந்தது சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்தது. சில துண்டுகள் வேறு வகைக் காசாக மாறின. கடைசியில் எல்லாம் மீண்டும் ஒன்றுகூடி, வெளிநாட்டுக் கிரிப்டோ சந்தை ஒன்றின் வாசலில் போய் நின்றன. அந்த வாசலுக்கு அப்பால் என்னால் போக முடியாது. அங்கே கணக்குத் திறந்தவனின் அடையாள அட்டை அந்தச் சந்தைக்காரர்களிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு. என் வேலை அந்த வாசலைக் காட்டுவதோடு முடிந்துவிடும். எப்போதும் அங்கேதான் முடிகிறது.

அடுத்து அக்காவின் வாலட்டைப் பார்த்தேன். பலரிடம் சேர்த்த காசு உள்ளே வந்து, தங்காமல் வெளியே போயிருந்தது. மோசடிக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டின் வாலட் இப்படித்தான் இருக்கும். வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால், யோசிக்காமல் மோசடி என்று சிவப்பு அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. மாதாமாதம் லாபம் வந்தது, அக்காதான் கையில் கொண்டுவந்து கொடுத்தாள் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். போலீசிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பதிவிலோ, ஆரம்பத்தில் இரண்டு தடவை சொற்பத் தொகை திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு காசுகூட அக்காவின் வாலட்டுக்கு வரவில்லை. வராத லாபத்தை அவள் எப்படிக் கொடுத்தாள்? கொஞ்சம் லாபம் காட்டி மேலும் பணம் பிடுங்குவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. மோசடிக்காரன் வேறு வழியில் அவளுக்குப் பணம் கொடுத்திருந்தால், அவள் கூட்டாளி. போலீசும் அப்படித்தான் கணக்குப் போடும். நானே போட்டுவிட்டேன்.

எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. காய்ச்சலில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தவளை அலுவலகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மாமா லாரியைத் துடைக்க வெளியே போனபோது கேட்டேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காசு எங்க போச்சுன்னு மட்டும் பாரு தம்பி. நான் குடுத்தது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காத."

"போலீஸ் கேக்கும்க்கா. அதுக்குப் பதில் இல்லன்னா உன்னத்தான் ஏஜென்டுன்னு சொல்வாங்க."

"சொன்னா சொல்லட்டும் லா."

சின்ன வயதிலிருந்தே அவள் பிடித்தால் பிடித்ததுதான். அந்த இரண்டு நாளும் சோறு போட்டாள், காலுறை காய வைத்தாள், மழை வருமா என்று பேசினாள். அவள் ஜெயிலுக்குப் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு. அதைவிட, அவள் நிஜமாகவே தெரிந்து செய்திருப்பாளோ என்ற பயம். இரண்டாவதை யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை காலை மாமாவின் லாரியிலேயே மூவரும் போனோம். அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். நான் வரைந்துகொண்டு போன வழியைப் பொறுமையாகப் பார்த்தார். அந்தச் சந்தையின் வாசலில் விரலை வைத்து, இங்கே எழுதிக் கேட்கலாம் என்றார். அக்காவுக்கு மலாய் தெரியாமல் இல்லை. சீருடையைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போயிற்று. காய்கறிச் சந்தையில் அடித்துப் பேசிப் பழகிய மாமாதான் அவளுக்காகப் பேசினார். அதிகாரி மலாயில் கேட்பதைத் தமிழில் அவளிடம் கேட்டு, அவள் சொல்வதை மலாயில் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லைக்கூடத் தன் பங்குக்குச் சேர்க்கவில்லை. மனைவிமேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு அதிகாரி அந்தக் கேள்விக்கு வந்தார். ஆப்பிலிருந்து பணம் வரவில்லை என்று இந்தப் படமே காட்டுகிறதே, அப்படியானால் வீடு வீடாகக் கொடுத்த லாபம் யார் கொடுத்த பணம்?

மாமா அதைத் தமிழில் கேட்டார். இன்னொரு முறை, மெதுவாகக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் குளிரில் வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டோம். அக்கா தன் ஸ்வெட்டரின் ஜிப்பைக் கழுத்திலிருந்து கீழே இறக்கினாள். தாலிச் சங்கிலி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. புதுக் கயிறு இல்லை. நிறம் போய் நாளாகியிருந்தது.

"எல்லாம் என்னைய நம்பிக் குடுத்த காசு. மாசம் பொறந்தா வாசல்ல நின்னு பாக்குறாங்க. வெறுங்கையோட எப்படிப் போறது? சங்கிலி, வளையல் எல்லாம் அடகு வச்சுக் குடுத்துட்டேன்."

மாமாவைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கயிற்றைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். காலையிலிருந்து சொன்ன அதே குரலில், ஒரு சொல்லும் விடாமல், தான் கட்டிய சங்கிலி அடகுக்குப் போன கதையை மலாயில் சொல்லி முடித்தார்.